நாகலெட்சுமி போட்ட உரம்

நாகலெட்சுமிக்கு யாரையாவது திட்டாவிட்டால் காலைத் தேத்தண்ணி இறங்காது. அன்று அவள் வாயில் அகப்பட்டது எதிர்க்கரை ஹோட்டல்.

திட்டுவதற்குக் காரணமும் இருந்தது. குளம் முழுக்கப் பச்சைப்பாசி. திலாப்பியா மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அவள் புருஷன் கஜேந்திரன் ஒரு வாரமாக வெறும் வலையை இழுத்துவிட்டு, நேற்று பையைக் கட்டி ஆணியில் மாட்டியிருந்தான்.

"நாளன்னிக்குக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போறேன். மீனில்லாத குளத்தப் பாத்துக்கிட்டு எத்தன நாளைக்கு உக்காந்திருக்கிறது?"

அதிகம் பேசாத மனுஷன் இவ்வளவு பேசியதிலேயே அவளுக்குப் பகீரென்றது. அப்படிப் போன ஆம்பிளைகள் தீபாவளிக்கு விருந்தாளிபோல வந்து போவதைப் பார்த்தவள் அவள்.

தண்ணீரைச் சோதிக்க ஹட்டனிலிருந்து தனுஜா என்ற அதிகாரி வந்ததும், நாகலெட்சுமி ஓடிப்போய் வழிமறித்தாள்.

"மிஸ், அந்த ஹோட்டல் சாக்கடைய மொதல்ல பாருங்க!"

"அதையும் பாக்கிறேங்க அக்கா. வெயில்ல குளம் வத்துனப்போ உள்ளுக்க யாராச்சும் தோட்டம் போட்டாங்களா?"

பெருமை என்று வந்துவிட்டால் நாகலெட்சுமிக்கு வாய் நிற்காது.

"மொதல்ல போட்டதே நாந்தான் மிஸ்! லீக்ஸ் தண்டு ஒவ்வொண்ணும் என் கை மொத்தம். என்னப் பாத்துத்தான் நாப்பது குடும்பம் போட்டிச்சு."

"உரம்?"

"மலையில தேயிலைக்குப் போடுற மாதிரித்தான். மழை இருட்டிக்கிட்டு வரயில போட்டாத்தானே வேருக்கு எறங்கும்? எல்லாருக்கும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

தனுஜா மெல்லக் கேட்டாள். "நாலு மாசமா வராத மழை ரெண்டே நாள்ல கொட்டுச்சே, அந்தத் தோட்டம் இப்ப எங்கக்கா?"

"தண்ணிக்குள்ள."

"அப்ப உரம்?"

நாகலெட்சுமி திரும்பிப் பச்சைத் தண்ணீரைப் பார்த்தாள். அவளுக்குப் பதில் தெரியாமலில்லை.

"அந்த உரத்தத் தின்னுதான் பாசி இப்பிடி வளந்திருக்கு. அது அழுகயில மீனுக்கு மூச்சுவிடக் காத்து இருக்காது. இனிக் குளத்துக்குள்ளயும் கரையிலயும் உரம் போடாதீங்க. சுத்திப் புல்லு நட்டா மேல தேயிலையிலருந்து வர்ற உரத்தையும் கொஞ்சம் தடுக்கும். மீன் திரும்ப வரும், நாளாகும்."

சாயந்தரம் கஜேந்திரன் கடைசியாக ஒருதரம் வலை வீசிக்கொண்டிருந்தான். வெட்கம் பிடுங்கித் தின்ன, அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னங்க, ஹோட்டல் மட்டும் இல்ல. நானுந்தான். ஊருக்கே சொல்லிக் குடுத்து ஒங்க மீனக் கொன்னுட்டேன்."

அவன் வலையை இழுத்தான். பாசிக்குள்ளிருந்து அழுகிய லீக்ஸ் தண்டு ஒன்று வந்து அவள் காலடியில் விழுந்தது. அது நிஜமாகவே அவள் கை மொத்தம்தான் இருந்தது.

அவன் சொன்ன நாளன்று காலை கொழும்பு பஸ் ஹோர்ன் அடித்தது. ஆணியில் மாட்டிய பை அங்கேயே தொங்கியது. கஜேந்திரன் ஒரு கட்டுப் புல்லும் மண்வெட்டியுமாகக் குளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தான்.

"கொழும்புக்குப் போகலியா?" ஓடி வந்து கேட்டாள்.

"போயிருப்பேன். நீ அடுத்து என்னத்த ஊருக்குச் சொல்லிக் குடுப்பியோ, அதுக்கு இங்க ஒருத்தன் காவல் வேணுமே."

நாகலெட்சுமி அன்று யாரையும் திட்டவில்லை. தேத்தண்ணி இறங்கியது.