அவன்கிட்ட சொல்லும்மா

என் மாமனார் அழைப்பு மணி செய்து விற்றுப் பணக்காரர் ஆனவர். வீட்டில் யாரையும் வாயால் கூப்பிட்டதில்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒரு மணி வைத்திருந்தார், அதை அழுத்துவார். அவர் கொடுத்த நன்கொடையில்தான் பல்கலைக்கழகத்தின் தகவல் தொடர்பியல் துறை எழுந்தது. வாசலில் அவருக்கு மார்பளவுச் சிலை. வாய் இறுக மூடியிருக்கும். சிற்பி ஆள் தெரிந்து செய்திருக்கிறார்.

அவருக்குப் பின் இரண்டு பிள்ளைகளும் துறைக்கு அள்ளிக் கொடுத்தார்கள். ஒருவரோடு ஒருவர் மட்டும் பேச மாட்டார்கள். யார் காரை எங்கே நிறுத்துவது என்பதில் தொடங்கிய மனத்தாங்கல். அந்தக் கார்கள் இரண்டும் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அது போகவில்லை. அத்தான், அதாவது என் கணவரின் அண்ணன், கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அதற்கும் யாரிடமாவது வாய் திறக்க வேண்டுமே.

மூவருக்கும் ஒரே மேசை. நடுவில் நான்.

"அவன்கிட்ட சொல்லும்மா, காலேஜ் பசங்களுக்குப் புதுசா கேமரா வாங்கித் தரணும்னு."

"அவர்கிட்ட சொல்லு, போன தடவை வாங்கினதே பெட்டிக்குள்ள தூங்குதுன்னு."

கையெட்டும் தூரத்தில் இருந்த இருவருக்கும் செய்தி கொண்டுபோனேன். மாமியார் பார்த்த வேலை அது. மருமகளுக்கு நகை கொடுப்பார்கள். எனக்கு இது வந்தது.

கணவர் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது அத்தான் வந்தார். கட்டிலை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, என்னைப் பார்த்தார்.

"அவன்கிட்ட சொல்லும்மா, தைரியமா இருக்கச் சொல்லி."

கண் மூடிக் கிடந்தவர் உதட்டோரம் சிரித்தார். "அவர்கிட்ட சொல்லு, சரின்னு."

அவ்வளவுதான். அண்ணன் வாயால் நேராக ஒரு வார்த்தை கேட்காமலே அவர் போய்விட்டார். மற்றதையெல்லாம் நான் ஆற்றிக்கொண்டேன். இது மட்டும் முள்ளாக நின்றது.

அவர் பெயரில் துறையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார்கள். திறப்பு விழாவன்று துறைத் தலைவி ஒரு தாளை என் கையில் கொடுத்தார். 'அண்ணனும் தம்பியும் தினமும் மனம்விட்டுப் பேசிக்கொள்வார்கள்' என்று அதில் இருந்தது.

"இதை நீங்க வாசிச்சா ரொம்ப உருக்கமா இருக்கும், மேடம். முதல் பதிவே உங்க குரல்தான்."

நான் தாளை மடித்து அத்தானிடம் நீட்டினேன். "உங்க தம்பி படம் உள்ளே மாட்டியிருக்கு. சொல்றதை நீங்களே சொல்லுங்க அத்தான். நான் அந்த வேலையை விட்டுட்டேன்."

அவர் உள்ளே போனார். கனத்த கதவு மூடியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மாணவர்கள் காதில் ஹெட்போனோடு காத்திருந்தார்கள். எனக்கும் ஒன்று மாட்டிவிட்டார்கள். தாளை அவர் பிரிக்கவே இல்லை. படத்தைப் பார்த்தபடி நின்றார். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியில், "டேய்" என்றார். குரல் உடைந்திருந்தது.

வெளியே வந்து, உள்ளே ஏசி அதிகம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சில வாரம் கழித்துத் துறைத் தலைவி எனக்குப் போன் செய்தார். அந்தப் பதிவை முதலாண்டு மாணவர்களுக்குப் பாடமாக வைத்திருக்கிறார்களாம். பாடத்தின் பெயர், 'மௌனத்தின் ஆற்றல்'.

"அந்த இடைவெளி அபாரம் மேடம்! பசங்க அசந்துட்டாங்க."

"கடைசியில ஒரு வார்த்தை சொல்வாரே?"

"அது... கொஞ்சம் மரியாதைக் குறைவா இருந்துச்சு. உங்க குடும்பக் கௌரவத்தை நினைச்சு வெட்டிட்டோம்."

அன்று சாப்பிடும்போது அத்தானிடம் சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றது.

"அந்தம்மாகிட்ட சொல்லும்மா..."

என் போனில் எண்ணை அழுத்தி அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் போனைப் பார்த்தார், பக்கத்திலிருந்த காலி நாற்காலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்து சாப்பிட ஆரம்பித்தேன்.

அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் எடுத்துக் காதில் வைத்தார்.

"நான்தான் பேசறேன்," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த 'டேய்' என் தம்பிக்குச் சொன்னது. அதை வெட்ட நீங்க யாரு?"