முப்பத்தாறு முதல் நாற்பத்திரண்டு வரை

"கையைத் தூக்கு."

நண்டு கையைத் தூக்கவில்லை. பாதி இறங்கிய சீருடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் வரலம்மா."

"பரிசு குடுக்கிறாங்கன்னு கடுதாசி வந்திருக்கு. வரலங்கிற?"

"நீ மட்டும் போய் வாங்கிட்டு வா."

"எனக்கா பரிசு?"

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தான். சரக்கு வண்டி ஓட்டுகிறவன். "நம்ம வம்சத்துல மேடை ஏறுற மொத ஆளு இவதான். அதான் காலு நடுங்குது. ஏண்டி நண்டு, பரிசு வாங்கத்தானே கூப்பிடுறாங்க? அடி வாங்கவா?"

குழந்தையில் பக்கவாட்டிலேயே தவழ்ந்ததால் வந்த பெயர். இப்போது ஒன்பது வயது. நாலாம் வகுப்பு.

அம்மா சீருடையை விளிம்பில் மட்டும் பிடித்து இழுத்து விட்டாள். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள். தட்டைத் தரையில் வைத்து மகள் பக்கம் தள்ளினாள். தட்டில் ஸ்பூன் இருந்தது.

அந்த ஸ்பூன் வந்து எட்டு மாதம் ஆகிறது.

பள்ளி திறந்த மூன்றாம் மாதம் நண்டின் விரல் நுனிகள் உரியத் தொடங்கின. சீருடையில் நெடி. அது என்ன நெடி என்று அம்மா யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டுக் கழிப்பறைகளைக் கழுவுவது அவள் வேலை. ஆறு வருடமாக அவள் முந்தானையில் இருப்பது அந்த நெடிதான்.

தோல் டாக்டரிடம் காட்டினாள்.

"வீட்ல யாராவது ஆசிட், பிளீச்சிங் பவுடர் புழங்குறாங்களா?"

"நான்தான் சார்."

"அப்ப பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கம்மா."

தள்ளி வைத்தாள். வேலை முடிந்து ஆஸ்பத்திரியிலேயே குளித்துவிட்டு வந்தாள். தன் துணிக்குத் தனி வாளி, தனிக் கொடி. பிசைந்து ஊட்டுவதை நிறுத்தினாள். மகள் பக்கத்தில் படுப்பதை விட்டு வாசற்படி ஓரமாகப் படுத்தாள். அப்படியும் விரல் ஆறவில்லை. தான் இன்னும் போதுமான அளவு தள்ளிப் போகவில்லை என்று நினைத்தாள்.

"ஆஸ்பத்திரியையே சுருட்டிக்கிட்டு வர்ற நீ" என்று புருஷன் ஒருமுறை சொன்னான். விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் மறுநாள் இரண்டு முறை குளித்தாள்.

நண்டு ஸ்பூனைத் தொடவே இல்லை. அம்மா சோற்றை டப்பாவில் அடைத்து, ஸ்பூனையும் பையில் போட்டுக்கொண்டாள். இருவரும் கிளம்பினார்கள். தெருவில் மகள் முன்னால் நடந்தாள். அம்மா நாலடி பின்னால்.

---

ஆண்டு நிறைவுக் கூட்டம் முற்றத்தில் நடந்தது. பெரிய கூடத்தின் கூரை மழைக்காலத்தில் ஒரு பக்கம் இறங்கிவிட்டதால் அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். இரண்டு வகுப்புகள் ஒரே அறையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்து படித்த வருடம் அது. ஆசிரியர்கள் இருவர் குறைவு. பெற்றோர் முகத்தில், எப்படியோ ஒப்பேற்றியாயிற்று என்ற அலுப்பு.

சுவரோரமாக ஒரு கயிறு கட்டி, பிள்ளைகள் எழுதிய அட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு: இந்த ஆண்டு நான் கற்றுக்கொண்டது.

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள். ஏழாம் வாய்ப்பாடு. நட்பு. மழையில் நோட்டு நனையாமல் பிடிப்பது எப்படி. ஒருவன், 'பக்கத்து வகுப்புப் பாடம்' என்று எழுதியிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு மகளின் அட்டை.

'ஆசிட்டை முதலில் ஊற்றக் கூடாது. தண்ணீரை முதலில் ஊற்ற வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.'

கீழே சிவப்பு மையில் டீச்சர் எழுதியிருந்தார்: 'நல்ல அறிவியல் அறிவு.' பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

அம்மா அதை இரண்டாம் முறை எழுத்துக் கூட்டாமல் படித்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேஸ்திரி அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் அவை. அதே வரிசையில்.

"இது யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"யாரும் இல்ல." நண்டு தரையைப் பார்த்தாள். "ஒருநாள் ஆசிட்டை மொதல்ல ஊத்திட்டேன். பொங்கிடுச்சு."

"எங்க ஊத்துன?"

மகள் முற்றத்தின் மூலையைப் பார்த்தாள். அங்கே மூன்று கதவுகள் கொண்ட கழிப்பறை.

"எத்தனை நாளா?"

"ரெண்டாம் மாசத்துலேர்ந்து. கழுவுற ஆயா நின்னுட்டாங்கல்ல."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"மொதல்ல டீச்சர்கிட்ட மாட்டேன்னுதான் சொன்னேன். டீச்சர் கேட்டாங்க, உங்கம்மா செய்ற வேலைதானே, இதுல என்ன வெக்கம்னு." நண்டு சட்டைப் பொத்தானைத் திருகினாள். "வெக்கம்னு சொன்னா, உன்னைச் சொன்ன மாதிரி ஆயிடும்ல."

ஒலிபெருக்கி கரகரத்தது.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. ஆள் கேட்டு மேலதிகாரிக்குப் பதினோரு கடிதம் எழுதியவர். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. குரலில் அந்தக் கசப்பு இருந்தது.

"சோதனையான வருஷம். கூரை இல்ல, ஆள் இல்ல, கேட்டா பதிலும் இல்ல. ஆனா நம்ம பிள்ளைங்க முகம் சுளிக்கல. இந்தப் பள்ளியைத் தங்களோட வீடா நெனச்சுச் சுத்தமா வச்சுக்கிட்டாங்க. அதுல ஒருநாள்கூடத் தவறாத ஒரு பிள்ளைக்கு, இந்த வருஷத் தூய்மைப் பரிசு."

நண்டின் முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கைதட்டல். அம்மா மகளின் கையைப் பிடித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு பிடித்த கை, நுனியில் மரப்பட்டை போல இருந்தது. இருவருமாக மேடை ஏறினார்கள்.

பரிசு, பொதிந்து கட்டிய ஒரு சோப்புப் பெட்டி. பெற்றோர் சங்கத் தலைவரான மளிகைக்காரர் தன் கடையிலிருந்து கொடுத்தது.

அம்மா அதை வாங்கவில்லை.

"டீச்சர், கழுவுறதுக்குப் பட்டியல் ஏதும் உண்டா?"

"உண்டும்மா. முறை வச்சுத்தான் செஞ்சோம். யாரையும் தனியாப் பிரிக்கல." தலைமையாசிரியை மேடைக்குப் பின்னால் இருந்த அறிவிப்புப் பலகையைக் காட்டினார். "வருகைப் பதிவு எண்படிதான். இந்த வருஷப் பட்டியலையே அடுத்த வருஷத்துக்கும் போட்டாச்சு, பாருங்க."

அம்மா பலகைக்கு அருகில் போனாள். எண்களைப் படிப்பது அவளுக்குச் சுலபம். திங்கள்: 36, 37. செவ்வாய்: 38, 39. புதன்: 40, 41. வியாழன்: 42, 36. அப்படியே சுற்றிச் சுற்றி வந்தது.

நண்டின் எண் முப்பத்தொன்பது.

"இந்த வகுப்புல எத்தனை பிள்ளைங்க டீச்சர்?"

"நாப்பத்திரண்டு."

"ஒண்ணாம் நம்பருக்கு எப்ப முறை வந்துச்சு?"

எண்கள் பள்ளியில் சேர்ந்த வரிசைப்படி போட்டவை. பள்ளியில் சேர்க்கை நடந்தபோது, பின்வரிசைக் குடியிருப்புக்காரர்களைக் கடைசி நாளன்று வரச் சொல்லியிருந்தார்கள். துப்புரவுக்காரர்களின் வீடுகள் ஏழு. எண்கள் ஏழு.

"கடைசியிலேர்ந்து ஆரம்பிச்சோம்" என்றார் தலைமையாசிரியை, மெதுவாக. "மேல போறதுக்குள்ள வருஷம் முடிஞ்சிருச்சு."

"நாப்பத்திரண்டு வந்ததும் திரும்பத் திரும்ப முப்பத்தாறுக்கே போயிருக்கே. முப்பத்தஞ்சுல என்ன டீச்சர், சுவரா இருக்கு?"

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

மேடையில் இருந்த மளிகைக்காரர், அவள் வாங்காத சோப்புப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் பையன் மூன்றாம் எண். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க வீட்டுப் பிள்ளைங்கன்னா கொஞ்சம் பழக்கம் இருக்கும்னு..."

"எனக்கே பழக மூணு வருஷம் ஆச்சுங்க. மொத வருஷம் பூரா வாந்தி. இவளுக்கு ஒம்பது வயசு."

"சரி, விடுங்க. பிரச்சினைக்கு வழி சொல்றேன்." அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "அம்மாவுக்குத்தான் வேலை தெரிஞ்சிருக்கே. வாரத்துக்கு ரெண்டு நாள் அவங்களே வந்து கழுவிக் குடுத்துட்டா எந்தப் பிள்ளையும் தொட வேண்டாம். சும்மா இல்ல, சேவை. நம்ம பள்ளிக்கூடம்தானே?"

கைதட்டல் எழுந்தது. நல்ல மனதோடுதான் தட்டினார்கள். சிலர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். ஏழு வீட்டுக்காரர்கள் மட்டும் தட்டவில்லை.

அம்மா கைதட்டல் அடங்கும்வரை நின்றாள்.

"நம்ம பள்ளிக்கூடம்தான்" என்றாள். "நீங்க திங்கக்கிழமை வாங்கண்ணே. நான் செவ்வாக்கிழமை வர்றேன்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அவர் பக்கம் திரும்பினாள்.

"தண்ணியை மொதல்ல ஊத்தணும். மறந்துடாதீங்க."

மளிகைக்காரர் உட்கார்ந்தார். கையில் இருந்த சோப்புப் பெட்டியை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

அம்மா மகளோடு இறங்கிப் போனாள். கயிற்றிலிருந்து நண்டின் அட்டையை உருவி எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நாற்பதாம் எண்ணின் அப்பா எழுந்து தன் மகனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். பிறகு முப்பத்தேழு. பிறகு மற்றவர்கள்.

தலைமையாசிரியை பலகையிலிருந்து பட்டியலை எடுத்தார். கிழிக்கவில்லை. நாலாக மடித்துப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த பரிசு கையெழுத்துக்கு என்று ஒலிபெருக்கி சொன்னது.

---

பள்ளி மதிலுக்கு வெளியே குழாயடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். அம்மா கையைக் கழுவினாள். மகள் கையைக் கழுவிவிட்டாள். டப்பாவைத் திறந்தாள்.

நண்டு பைக்குள் கைவிட்டு ஸ்பூனைத் தேடினாள்.

"அது வேணாம்."

"ஏன்?"

அம்மா சோற்றைப் பிசைந்தாள்.

"அம்மா. எம்மேல நாத்தம் அடிக்குதுன்னுதானே நீ தள்ளிப் போய்ப் படுத்த?"

பிசைந்த கை நின்றது. அவளுக்குச் சொல்ல ஒரு வருடம் முழுக்க இருந்தது. டாக்டர், தனி வாளி, தனிக் கொடி, வாசற்படி. எங்கே ஆரம்பித்தாலும் அது அழுகையில் போய் முடியும் என்று தெரிந்தது.

கவளத்தை உருட்டி நீட்டினாள்.

"வாயைத் திற."

நண்டு திறந்தாள்.