நேத்தா அப்பம்மாவின் குறைகள்

கிருஷ்ணராசா மின்னஞ்சலில் அனுப்பியிருந்த பத்துப் பக்கத்தையும் மங்கை வாசித்து முடித்தபோது தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. முதற் பக்கத்திலேயே அவளுடைய அப்பம்மா ‘சைவநெறி வழுவாத குலவிளக்கு’ ஆகியிருந்தார். இரண்டாம் பக்கத்தில் கந்தசஷ்டி விரதத்தை ஒரு வருடமும் விடாமல் பிடித்தார். மூன்றாம் பக்கத்தில் நல்லூர்த் தேருக்கு வடம் பிடித்தார். அந்த வடத்தைத்தான் மங்கையால் தாங்க முடியவில்லை. திருமதி அகனேத்தா சதாசிவம் கனடாவில், மானிட்டோபா மாகாணத்தில், ஒரு மெனோனைட் பண்ணை வீட்டில் பிறந்தவர். நல்லூரைக் கலண்டர் படத்தில் மட்டும் கண்டவர்.

கிருஷ்ணராசாவைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் சதாசிவம் அப்பப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, இல்ஃபோர்ட்டில் இருப்பவர். யாழ்ப்பாணத்து ஆட்கள் யார் கண்ணை மூடினாலும் முப்பத்தோராம் நாள் வருகிறவர்கள் கையில் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் கொடுத்தாக வேண்டும். அதில் படம் இருக்கும், வம்சாவளி இருக்கும், போனவரைப் போற்றிப் பாட்டு இருக்கும், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல் எல்லாம் இருக்கும். லண்டனில் அதை முறைப்படி செய்யத் தன்னை விட்டால் ஆளில்லை என்று கிருஷ்ணராசா நினைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கணினியில் ஒரு கல்வெட்டு எந்நேரமும் தயாராகக் கிடக்கும். பெயரை மாற்றுவார், ஊரை மாற்றுவார், மற்றதெல்லாம் அப்படியே போகும். போன மாதம் அப்டன் பார்க்கில் காலமான யாரோ ஓர் ஆச்சியின் விரதங்கள் இப்படித்தான் அகனேத்தாவின் தலையில் வந்து இறங்கியிருந்தன.

விரதத்தை அழித்துவிடலாம், அது பெரிய காரியமில்லை. மங்கை கொடுத்த வார்த்தையை என்ன செய்வது?

மெனோனைட்டுகள் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் தனி ரகம். விவரம் தெரிந்த வயதில் தானாகக் கேட்டுத்தான் ஞானஸ்நானம் எடுப்பார்கள். எந்த நாட்டுக்காகவும் துவக்கு ஏந்திப் போருக்குப் போகமாட்டார்கள். கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தினாலும் சத்தியம் பண்ணமாட்டார்கள். இன்றைக்கு மட்டும் உண்மை பேசுவேன் என்று சத்தியம் பண்ணினால் மற்ற நாளெல்லாம் பொய் பேசுகிறேன் என்றல்லவா ஆகும் என்பது அப்பம்மாவின் நியாயம். தற்புகழ்ச்சி அவர்களுக்குப் பாவம். பிறர் புகழ்ந்தாலும் கூச்சம். புகழெல்லாம் ஒருவருக்குத்தான், அவர் மேலே இருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை, அப்பம்மா மங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு காரியம்தான் கேட்டார். “உங்கடை ஆக்கள் கல்வெட்டு அடிப்பினம். அதிலை என்னைப் புகழ்ந்து ஒரு வரி வரக்கூடாது. நீ பாத்துக்கொள்.”

சத்தியமாய் என்று மங்கை வாயெடுக்கவும் கிழவி அந்த நிலையிலும் முறைத்தார். “ஓம் எண்டு சொன்னாப் போதும்.”

மங்கை ஓம் என்றாள். அப்பம்மாவிடம் சொன்ன ஓமை மீறுவது எப்படி என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

அப்படியென்றால் கல்வெட்டே வேண்டாமென்று விட்டுவிடலாமே என்றால், அந்தப் பக்கம் அப்பப்பா இருந்தார். எண்பத்து மூன்று வயது. அவர் படிக்க வந்த அறுபதுகளில் கறுத்தவர்களுக்கு அறை இல்லை என்று லண்டன் வீடுகளில் எழுதித் தொங்கவிட்டிருந்த காலம். மெனோனைட் சபையார் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று நடத்திய விடுதி ஒன்றுதான் அவருக்குக் கதவு திறந்தது. திறந்தவர் அங்கே தொண்டு வேலைக்கு வந்திருந்த அகனேத்தா. கலியாணத்துக்கு ஊரிலிருந்து ஒரு வாழ்த்து மட்டையும் வரவில்லை. அந்த மனக்குறை அப்பப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை. தகப்பனின் கல்வெட்டும் தாயின் கல்வெட்டும் அவருடைய அலுமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. “அவவுக்கு மட்டும் இல்லையெண்டால், வெள்ளைக்காரி, எங்கடை ஆள் இல்லை எண்டு நாங்களே எழுதி ஒட்டின மாதிரி” என்றார். அதுவும் நியாயம்தான். முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அடித்தால் அப்பம்மாவுக்குக் கொடுத்த சொல் போகும், அடிக்காவிட்டால் அப்பப்பாவின் மனம் உடையும்.

வழி காட்டியவர் மகாதேவி. அப்பப்பாவின் தங்கை. மச்சாளைப் பற்றி நாலு வரி சொல்லுங்கோ ஆச்சி என்று மங்கை கேட்டதும், புகழ்ந்து சொல்லத் தன்னால் ஏலாது என்று மகாதேவி ஒரேயடியாய்ச் சொல்லிவிட்டார். அவர் முதன்முதல் லண்டனுக்கு வந்திருந்த சமயம் பெண் பார்க்க ஒரு டொக்டர் குடும்பம் வந்ததாம். பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமோ என்று மாப்பிள்ளையின் தாய் ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கிறார். நேத்தா மச்சாள் தேத்தண்ணித் தட்டோடு நின்று, ‘இல்லை, இண்டைக்குச் சமைச்சது நான்’ என்று சொல்லிவிட்டார். டொக்டர் போனவர் போனவர்தான். சொல்லிக்கொண்டு வந்த மகாதேவி சிரிக்கத் தொடங்கி, பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

மங்கைக்கு அப்போதுதான் பொறி தட்டியது. புகழக்கூடாது என்றுதானே அப்பம்மா சொன்னார்? குறை சொல்லக்கூடாது என்று சொல்லவில்லையே. குறையை எழுந்து நின்று ஒப்புக்கொள்வது அவருடைய சபையில் சாதாரண வழக்கம். கல்வெட்டு முழுக்கக் குறைகளாகவே இருக்கட்டும்.

இதைக் கிருஷ்ணராசாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். “பிள்ளை, முப்பது வருசமா எழுதிறன். செத்த ஒரு ஆளிலும் நான் இதுவரை குறை கண்டதில்லை” என்றார். மங்கை விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த நாள் காலை அவரே அழைத்தார். தன் வீட்டுப் பூசைகளில் எல்லோரும் தேவாரம் பாடும்போது நேத்தா மச்சாள் கீழே இன்னொரு குரலில் வேறு மெட்டுப் போட்டுக்கொண்டு போவார், அது தன்னை நாற்பது வருடமாய்க் குழப்பியது, அதையும் சேர்க்க முடியுமோ என்று கேட்டார். மெனோனைட்டுகள் வாத்தியம் இல்லாமல் நாலு குரலில் பாடிப் பழகியவர்கள். நாலு குரல் இல்லாத இடத்தில் அப்பம்மா தன்னால் ஆனதைச் செய்தார்.

பிறகு குறைகளுக்குப் பஞ்சமே இல்லை. பாண் ரொட்டி வந்த பொலித்தீன் பையைக் கழுவிக் கொடியில் காயப்போடுவார். புதுச் சேலை எப்படி என்று கேட்கிறவர்களிடம் எப்படி என்று சொல்லியே விடுவார். பேரப்பிள்ளைகள் பரீட்சையில் முதலாவதாக வந்தால், ‘நல்லது, இனி அந்தக் கோப்பையைக் கழுவு’ என்பார். கேட்காமலே மகாதேவியைத் தன் சபைக்குக் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் வழக்கப்படி எல்லோருக்கும் முன்னால் முழந்தாளிட்டு அவருடைய காலைக் கழுவித் துடைத்தார்; மூத்தவள் தன் காலைத் தொட்ட வெட்கத்தில் மகாதேவி ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிறு பின்னேரம் ஒரு பணிஸுக்கு, அதாவது பன்னுக்கு, மேல் குட்டிப் பணிஸ் ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி அவர்கள் ஊர்ப் பணிஸ் சுடுவார். இரண்டு மாடிப் பணிஸ் என்று பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். அதை உறைப்பான கட்டைச் சம்பலோடு சாப்பிடக் கற்றுக்கொடுத்து வீட்டில் எல்லோரையும் கொழுக்க வைத்தார். அதுவும் குறைதான், மங்கை சேர்த்துக்கொண்டாள்.

எல்லாவற்றிலும் பெரிய குறை என்று அவள் நினைத்தது கடிதக் கதை. அப்பப்பா கணக்காளர் சோதனையில் இரண்டு தரம் கோட்டைவிட்டார். ஊருக்கோ, பாஸ் என்று எழுதிவிட்டார். தாய்க்குச் சந்தேகம். கண்ணால் காணாத வெள்ளைக்கார மருமகளுக்குத் தனியாகக் கடிதம் போட்டுக் கேட்டார். அப்போதுதான் தமிழ் எழுதப் பழகிக்கொண்டிருந்த அகனேத்தா, பெரிய பெரிய எழுத்தில் பதில் போட்டார்: ‘மாமி, பாஸ் இல்லை. இரண்டு தரம் பெயில். மூன்றாம் தரம் படிக்கிறார்.’ வீடு இரண்டு பட்டது. ஆனால் அன்று தொடக்கம் ஊரிலிருந்து கடிதங்கள் மருமகளின் பெயருக்கு வந்தன.

இருபத்திரண்டு குறை சேர்ந்ததும் மங்கை அச்சுக்கு அனுப்பும் முன் அப்பப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். முன்னறை யன்னலால் வெயில் வந்துகொண்டிருந்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சோதனைக் கதையில் வாய்விட்டுச் சிரித்தார். மனிசி போனபின் அவர் சிரித்தது அதுதான் முதல் தரம், மங்கைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

“ஒண்டு விட்டிட்டாய். பெரிசை விட்டிட்டாய்” என்றார் முடிந்ததும். “அவ பொய் சொன்னவ.”

மங்கை பேனாவை வைத்துவிட்டாள்.

“எண்பத்தேழாம் ஆண்டு. அம்மாவை இஞ்சை கூப்பிட்டு ரெண்டு வருசம். இந்த அறையிலைதான் படுத்த படுக்கையாக் கிடந்தவ. தம்பி யோகன் ஊரிலை ஷெல் பட்டுச் செத்திட்டான் எண்டு போன் வந்தது. அம்மாவுக்கு நாங்கள் சொல்லேல்லை. அவவோ ஒவ்வொரு நாளும் யோகன்ரை கடிதம் வந்ததோ எண்டு கேப்பா. நான் வந்தது எண்டு சொன்னா நம்பமாட்டா. சோதினையிலை பிடிபட்டவன் தானே நான். நேத்தாவைக் கூப்பிடு, அவள் சொல்லட்டும் எண்டுவா.”

கடிதம் வந்ததென்று சொல்லச் சொல்லி மனைவியைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாராம். ஏலாது என்று அவர் சொல்லிவிட்டார். இரண்டு நாள் சமைக்கும்போதும் அழுதுகொண்டே நின்றார். மூன்றாம் நாள் மாமியார் கேட்டபோது கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

“ஓம் மாமி, கடிதம் வந்தது எண்டா. ஒரு வெறுந்தாளை எடுத்து விரிச்சு வாசிச்சா. மாடு கண்டு போட்டதாம், கிணத்திலை தண்ணி நல்லா ஊறுதாம், தான் சுகமாம். அடுத்த நாளும் அம்மா கேட்டவ, அடுத்த நாளும் இவ வாசிச்சவ. பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் அம்மா போயிட்டா.”

அதற்குப் பிறகு ஒரு வருடம் அகனேத்தா சபையில் திருவிருந்து எடுக்கவில்லை; மனதில் பாவம் உள்ளவர் அந்த அப்பத்தை உண்ணக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அப்பத் தட்டு வரிசையாய் வரும், அவர் வாங்கிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவார். ஒவ்வொரு ஞாயிறும் காரில் கூட்டிப்போய்க் கடைசி வரிசை வாங்கில் இருந்த சதாசிவம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எனக்காகச் செய்தவ. நான் ஏன் எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை” என்றார். “அது என்ரை குறை. அதை என்ரை கல்வெட்டிலை போடு.”

இதை எழுதினால் புகழ்ந்ததாக ஆகிவிடாதா, அப்பம்மாவுக்கு நான் ஓம் சொன்னேனே என்று மங்கை கேட்டாள்.

“அவவைக் கேட்டா இதுதான் தன்ரை பெரிய குறை எண்டு சொல்லுவா. கடைசிமட்டும் அப்பிடித்தான் வைச்சிருந்தவ. எழுது. மற்றதுக்குப் போட்ட அதே எழுத்திலை போடு, பெருப்பிக்காதை.”

முப்பத்தோராம் நாள், வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில் நூறு பேர் கூடினார்கள். கனடாவிலிருந்து வந்த அப்பம்மாவின் தங்கை இரண்டு மாடிப் பணிஸ் சுட்டார், மகாதேவி சம்பல் இடித்தார். கல்வெட்டின் முதற் பக்கத்தில், ‘கனடா மானிட்டோபாவைப் பிறப்பிடமாகவும் லண்டன் கோலியர்ஸ் வுட்டை வதிவிடமாகவும் கொண்ட’ என்று எல்லோருக்கும் போடுகிற மாதிரியே அவருக்கும் போட்டிருந்தது. அப்பப்பா அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

கல்வெட்டை இராகத்தோடு வாசித்துப் பழகிய கிருஷ்ணராசா குறைகளையும் அதே இராகத்தில்தான் எடுத்தார். பொலித்தீன் பைக்கே மண்டபம் குலுங்கியது. தேவாரக் குறையைத் தானே பாடிக் காட்டினார். இருபத்து மூன்றாவதில் அவருடைய இராகம் நின்றுவிட்டது. மிச்சத்தைச் சாதாரணக் குரலில் வாசித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் மகாதேவி கையில் பாதிப் பணிஸோடு இருந்தார். தாய் சாகும்போது அவர் கொழும்பில் இருந்தவர், இங்கே வரக் கிடைக்கவில்லை. மகன் செத்த சங்கதி தெரிந்து அந்த ஏக்கத்தில்தான் அம்மா போனாரோ என்று முப்பது வருடத்துக்கு மேலாக மனதுக்குள் வைத்திருந்தவர், ஒருவரிடமும் கேட்டதில்லை. அவர் மெல்லத் தமையன் பக்கம் திரும்பினார்.

“அப்ப அம்மா நிம்மதியாத்தான் போனவ, என்ன அண்ணை?”

“ஓம்” என்றார் சதாசிவம்.