இரண்டாவது அடி

சர்ச்சின் அசன விருந்துக்கு மறுநாள் கோயில் அலுவலறையில் இருந்தவர்கள்: சேகர குருவான பாதிரியார் அருமைநாயகம் ஐயர், கமிட்டி உறுப்பினர் எலிசபெத் டீச்சர், கையில் மாவுக்கட்டுடன் பெர்லின், அவன் மனைவி ஜெமிமா, அந்தக் கையை ஒடித்த ஜாபேஸ்.

சேரன்மகாதேவி பக்கம் வாழைக்குத் தண்ணீர் திருப்புவதில் பெர்லினுக்கும் ஜாபேஸுக்கும் தகராறு. வெட்டிவிடுவேன் என்று பெர்லின் டீக்கடையில் சொல்லியிருந்தான். அசனத்தன்று ஊருக்கே சோறு பொங்கும் கொப்பரையை ஜாபேஸ் கிண்டிக்கொண்டிருந்தபோது, பெர்லின் அருவாளோடு அவனை நோக்கி வந்தான். ஜாபேஸ் கிண்டிய துடுப்பாலேயே அடித்தான். பந்திக்கு வாழையிலை அறுப்பதற்காக அன்று பாதி ஊரின் கையில் அருவாள் இருந்தது அவனுக்குத் தோன்றவில்லை. பெர்லினை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுப் பந்தி நடந்தது. சோறு லேசாக அடிப்பிடித்திருந்தது.

போலீசுக்குப் போவதா என்பதைப் பெர்லின் ஜெமிமாவிடம் விட்டிருந்தான். கேஸானால் ஜாபேஸுக்குக் கிடைத்திருக்கும் குவைத் வேலை போய்விடும்.

பெர்லின் அருவாளை ஓங்கினானா என்று ஐயர் ஜாபேஸிடம் கேட்டார்.

"ஓங்குத வரைக்கும் நின்னா இப்பம் இங்கன யாரு பேசுவா, ஐயா?"

டீச்சர் பொறுமையைப் பற்றிச் சொன்னார். எல்லையில் சண்டை வந்தபோது நம் படை ஜெயிக்க இதே கோயிலில் முழங்கால் போட்டோமே, அவர்களுக்குப் பொறுமையா கேட்டோம் என்றான் ஜாபேஸ். அது அரசாங்கம் என்றார் ஐயர். தன்னிடம் அரசாங்கம் இல்லை, துடுப்புதான் இருந்தது என்றான். ஐயர் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

அப்போது பெர்லின் வாய் திறந்தான். இலை அறுக்க வேண்டிய வாழைத்தோப்பு கோயிலுக்கு அந்தப் பக்கம், கொப்பரை இந்தப் பக்கம். அருவாளை ஜாபேஸ் பார்த்துப் பயப்படட்டும் என்றுதான் கொப்பரைப் பக்கம் சுற்றி வந்தானாம். ஐயருக்கு நிம்மதி. இருவர் மேலும் தப்பு, சமாதானம் என்று ஜெபத்துக்கு எழுந்தார்.

ஜெமிமா எழவில்லை; ஜாபேஸைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணாச்சி, மொத அடியிலயே அருவா கீழ விழுந்துட்டு. ரெண்டாவதுலதான் கை ஒடிஞ்சுது. அது எதுக்கு?"

வேகத்தில் பட்டிருக்கும் என்று ஐயர் எடுத்துக்கொடுத்தார். ஜாபேஸ் அதை ஏற்கவில்லை.

"மொத அடி பயத்துல. ரெண்டாவது அடிக்கப்பம் பயம் போயிட்டு. அவன் குனிஞ்சு நின்னான். அடிக்க நல்லா இருந்துச்சு."

முதல் அடிக்குத் தனக்கு வருத்தமில்லை என்று சொல்லிவிட்டு, ஜெமிமா புருஷனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

சாயங்காலம் ஜாபேஸும் அங்கே அதையே சொன்னான்.

"அந்த ரெண்டாவத விட்டுட்டுச் சொல்லும் வே," என்றார் ஏட்டு.

அவன் விடவில்லை. ஏட்டு பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். அவன் உள்ளே போனதும் கம்பிக்கதவைச் சாத்திப் பூட்டினார்.