அம்மா பேசும் விளையாட்டு

அந்த மனுஷன் செய்த காரியத்தைக் கேட்டால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வரும். பெண்டாட்டி பின்னணிக் குரல் கொடுப்பவள். போன வருஷம் ஒரு வீடியோ கேமுக்குப் பேசினாள். பேய் விளையாட்டு, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று அட்டையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதில் ஒரு பேய் அம்மா மாதிரியே பேசிக் குழந்தைகளைத் தேடி வரும். அந்தப் பேய்க்குத்தான் இவள் குரல்.

வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. நேற்று அவள் வேலைக்குப் போயிருந்த நேரம், ஏழு வயது மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து அதைப் போட்டுக் காட்டிவிட்டார். "நம்ம அம்மாதானே பேசுறா, இதுல என்ன இருக்கு" என்பது அவர் கணக்கு. நல்ல கணக்கு போங்கள்!

நேற்று ராத்திரி படுக்கையில் மகள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நீ நீதானா?" என்று கேட்டாள். "இல்லடி வாண்டு, பக்கத்து வீட்டு ஆன்ட்டி" என்று இவள் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

இன்றைக்கு மத்தியானம் ஒலிப்பதிவு சீக்கிரம் முடிந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது.

"நம்ம உருண்டைப் பயலுக்குப் பால்பவுடர் தீர்ந்துபோச்சு. வாண்டு பார்த்துக்கிறா. பத்தே நிமிஷம், ஓடிட்டு வந்துடறேன்."

"ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? எட்டு மாசக் குழந்தைங்க அது!"

அவர் ஏற்கெனவே தெருமுனையில் இருந்தார். இவள் திட்டிக்கொண்டே மூன்று மாடி ஏறினாள். தன் சாவியால் வாசல் கதவைத் திறந்தாள். கூடத்தில் யாரும் இல்லை. படுக்கையறை உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே உருண்டை வீல் வீலென்று அழுதுகொண்டிருந்தான்.

"வாண்டு, அம்மா வந்துட்டேன். கதவைத் திற கண்ணு."

அழுகை பட்டென்று நின்றது. சமாதானமாகி நின்ற அழுகை இல்லை அது, பாதியில் அமுங்கிப் போனது. தரையில் படுத்துக் கதவின் அடி இடுக்கு வழியாகப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் மகள் சுருண்டு கிடந்தாள். மார்போடு தம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் உள்ளங்கை அவன் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தியிருந்தது. பிஞ்சுக் கால்கள் தரையில் உதைத்துக்கொண்டிருந்தன.

"சத்தம் போடாதடா, அது கேட்டுடும்" என்றாள் மகள் கிசுகிசுப்பாக.

ஐயோ, இதை எங்கே பார்த்தோம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒலிப்பதிவுக் கண்ணாடி அறைக்குள் நின்று, இதே காட்சியைத் திரையில் பார்த்துத்தானே பேசினாள்? அக்கா கட்டிலுக்கு அடியில் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு கிடப்பாள். வெளியே பேய் கூப்பிடும்.

"விடுடி! அவனுக்கு மூச்சு முட்டுது! நான் நிஜமாவே உன் அம்மாதான்டி!"

பிடி இன்னும் இறுகியது. அதுவும் அந்த விளையாட்டில் இருந்த வசனம்தான். கெஞ்சுவது, அழுவது, செல்லப்பேர் சொல்லிக் கூப்பிடுவது, எல்லாவற்றையும் அந்தப் பேய்க்காகப் பேசித் தீர்த்துவிட்டிருந்தாள் பாவி. பத்து முறை பேசவைத்து, "இன்னும் கொஞ்சம் பாசமா" என்று கேட்டு வாங்கியிருந்தார்கள். இப்போது பெற்ற குழந்தைக்குச் சொல்ல ஒரு சொல் பாக்கியில்லை.

கால்கள் உதைப்பது குறைந்தது. கதவை மோதி உடைக்கலாமா? பேய் கதவை இடித்தால் அந்த அக்கா இன்னும் இறுக்குவாள். அந்த அக்கா எப்போது கையை எடுப்பாள்? பேய் நடந்து போகும் சத்தம் கேட்டால். வாசல் கதவு சாத்திக்கொண்டால்.

எழுந்தாள். பெற்ற பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும் கதவுக்கு முதுகைக் காட்டினாள். தரை அதிரத் தொம் தொம்மென்று நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் உயிர் போய் உயிர் வந்தது. வெளியே போய் வாசல் கதவைப் படாரென்று அறைந்து சாத்தினாள்.

ஒன்றும் கேட்கவில்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு, தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டாள், அதுவும் மனசுக்குள்ளேதான்.

ஒரு இருமல். அப்புறம் உருண்டை கத்தினான் பாருங்கள், மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி! அவள் படியில் அப்படியே சரிந்தாள். உள்ளே ஓடிப்போய் அள்ளிக்கொள்ள உடம்பெல்லாம் துடித்தது. வாயைத் தன் முந்தானையால் அடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர் பால்பவுடர் டப்பாவோடு படியேறி வந்தார். "என்னம்மா, ஏன் இங்க உட்கார்ந்திருக்கே?"

அவள் விரலை உதட்டில் வைத்து, கதவைக் காட்டினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மனுஷன் வேறெதுவும் கேட்காமல் உள்ளே ஓடினார். "வாண்டு, அப்பா வந்துட்டேன்" என்ற குரல் கேட்டது. தாழ் விலகியது.

கொஞ்ச நேரத்தில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அவர் முகம் வெளிறிக் கிடந்தது. அவர் காலைக் கட்டிக்கொண்டு மகள் எட்டிப் பார்த்தாள். தாயின் செருப்பைப் பார்த்தாள், கைப்பையைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். மெல்ல வந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வாம்மா" என்றாள். "ஆனா பேசாதம்மா."