சௌனாவில் இருவர்

மகள் ஐலி பிறந்ததிலிருந்து ரீக்காவும் தார்மோவும் சேர்ந்து சௌனா என்ற நீராவிக் குளியலறையில் உட்கார்ந்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர் போவார், மற்றவர் ஐலியிடம் இருப்பார். முதல் ஆள் குளித்துத் திரும்பிய பிறகு அடுத்த ஆளின் முறை. அதற்குள் அடுப்புச் சூடு பாதி இறங்கியிருக்கும்.

ஐலிக்கு ஆறு வயது. விழுங்கினால் சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் வயிற்றில் ஒரு சின்னக் குழாய். அதன் வழியே சாப்பாடு ஏற்ற ஒரு பம்ப். வாய்ப்பேச்சுக்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை.

இந்தச் சனிக்கிழமை தார்மோவின் அக்கா சிர்க்கு வந்திருந்தாள். குவோப்பியோ நகரப் பேருந்து ஓட்டுபவள். பம்பை இயக்க நர்ஸிடம் முறையாகக் கற்றுக்கொண்டு, ஈஸ்டருக்கு ஐலியை இரண்டு நாள் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். ஒரே நிபந்தனை: அதற்கு முன் ஒரு சாயங்காலமாவது ரீக்கா நடுவில் வந்து எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும். பின்னால் நின்றுகொண்டு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பயணிகளைத் தினமும் பார்க்கிறாளாம்; வீட்டிலும் ஒருத்தி வேண்டாமாம்.

ரீக்கா தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு, பம்பின் பொத்தான்களை முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தாள்.

“பனியில அம்பது பேர ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டுறேன். இந்த ஒரு குட்டியப் பாத்துக்க மாட்டேனா? கெளம்பு ரீக்கா,” என்றாள் சிர்க்கு.

“போகட்டும் அத்தை,” என்றாள் ஐலி. “அம்மா இருந்தா பம்பையேதான் பாத்துட்டிருப்பா. என்னைப் பாக்கவே மாட்டா.”

ரீக்காவுக்குச் சுருக்கென்றது. துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சௌனா முற்றத்தின் கடைசியில், ஏரிக்கரையில் இருந்தது. மேல் பலகையில் உட்கார்ந்திருந்த தார்மோ, கீழே தரையோரம் ஈரத்துண்டுச் சுருளுக்குள் ஏதோ மினுங்குவதைப் பார்த்தான். ஐலியின் அறையில் எழும் சத்தத்தைக் கேட்பதற்கான கருவி. சூடு மேலேதான் ஏறும், தரையில் ஒன்றும் ஆகாது என்று ரீக்கா விளக்கம் சொன்னாள்.

“இந்தக் கல்லு மேல சாஸேஜ் சுட்டிருக்கேன். இத இன்னும் சுட்டுப் பாத்ததில்ல,” என்று சொல்லி, தார்மோ ஒரு கரண்டித் தண்ணீரை அடுப்பின் மேல் காய்ந்துகொண்டிருந்த கல்லில் ஊற்றினான்.

ஆவி அறை முழுக்க இறங்கியது. கருவி நீளமாக ஒரு முறை கீச்சிட்டு அணைந்தது.

சூடு தாங்காமல் கத்தியதா, அங்கே பம்ப் அடைத்துக்கொண்டு கத்தியதா என்று தெரியவில்லை. ரீக்கா துண்டைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு பனியில் ஓடினாள். அக்கம்பக்கத்தார் யாராவது பார்த்திருந்தாலும் சௌனா சூட்டுக்குப் பின் எல்லோரும் செய்வதுபோல் பனியில் புரளப் போகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஐலியின் அறை ஜன்னலருகே வந்தபோது பம்ப் உண்மையிலேயே கத்திக்கொண்டிருந்தது. சிர்க்கு அதன் திரையைப் படித்துவிட்டு, குழாயை விரலால் தடவிக்கொண்டே போனாள். அடைப்பு எங்கே என்று ரீக்காவுக்கு இங்கிருந்தே தெரிந்தது. ஐலி குழாய் மேல் முழங்காலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். சிர்க்குவின் விரல் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது.

ரீக்காவின் கை ஜன்னலை ஒட்டியிருந்த கதவின் பிடியில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் ஈஸ்டர் போச்சு. பிடியைத் திருப்பாமல் நின்றாள். கால் விறைத்தது.

சிர்க்கு மறுபடி முதலிலிருந்து தடவினாள். விரல் முழங்காலுக்கடியில் நின்றது. காலைத் தூக்கினாள், குழாயை இழுத்துவிட்டாள். சத்தம் நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பம்ப் கத்தி ஓய்ந்ததும் ஐலி சிரிப்பதை ரீக்கா பார்த்ததே இல்லை.

அப்போது ஐலி திரும்பினாள். உடம்பெல்லாம் ஆவி பறக்க, துண்டோடு நிற்கும் அம்மாவைப் பார்த்தாள். அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டித் திரைச்சீலையை மெதுவாக இழுத்து மூடினாள்.

சௌனா வாசலில் தார்மோ ரப்பர் பூட்ஸ் மட்டும் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

“என்னாச்சு?”

“பம்ப் கத்துச்சு. உங்கக்கா சரிபண்ணிட்டா.”

“நீ என்ன பண்ணினே?”

“நான் உள்ள போகல. உன் பொண்ணு என் மூஞ்சிக்கு நேரா திரைய மூடிட்டா.”

அவன் சிரித்தான். ரீக்கா மேல் பலகையில் ஏறிக் கால்களை மடித்துக்கொண்டாள். கல் இன்னும் சூடாகத்தான் இருந்தது. தண்ணீர் ஊற்றச் சொன்னாள், ஊற்றினான். பிறகு தார்மோ நெளிந்தான். பம்ப் மறுபடி கத்தியிருக்குமோ, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டான்.

“உக்காரு,” என்றாள் ரீக்கா.