ஒரு கதவு, இரண்டு பூட்டு

எங்கள் வார்டின் அவசரக்கால அறைக்கு இரண்டு பூட்டு. ஊரில் கொள்ளைநோய் வந்தால் வேண்டிய, பேதிக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓஆர்எஸ் பொட்டலமும் குளோரின் மாத்திரையும் உள்ளே இருக்கும். ஒருத்தர் தனியாகத் திறந்து சுருட்டிவிடக் கூடாதாம். அதனால் ஒரு சாவி வார்டு சூப்பர்வைசர் அம்மாளிடம், இன்னொன்று சுகாதார நிலைய நர்ஸிடம். இதை யோசித்த மகராசனுக்கு ஒன்று மட்டும் தெரியவில்லை. அந்த இரண்டு பேரும் உறவு: சூப்பர்வைசர் அண்ணி, நர்ஸ் நாத்தனார். மாடி அறை யாருக்கு என்று மூன்று வருஷத்துக்கு முன் மூண்ட சண்டை. அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசியதில்லை. பேசியிருந்தால் எதிர்வீட்டுக்காரி எனக்குத் தெரியாமல் போகுமா?

மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்து கதவைத் திறந்து, சரக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். நோட்டு வெளியே ஆணியில் தொங்கும். ஒன்றாம் தேதி அண்ணி வந்து போடுவாள். பதினைந்தாம் தேதி நாத்தனார். கதவு திறந்து நான் பார்த்ததே இல்லை.

போன வாரம் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்தது. இரண்டே நாளில் பதினொரு வீட்டில் பேதி. பள்ளிக்கூட ஹாலில் பெஞ்சுகளை ஒதுக்கிப் பாய் விரித்தார்கள். மூன்றாவது பாயில் சூப்பர்வைசரின் மகள். பத்து வயது, கண் குழிந்து, பேச்சே இல்லை. நர்ஸிடமிருந்த பொட்டலங்கள் காலையிலேயே தீர்ந்துவிட்டன.

இருவரும் அறைக்கு ஓடினார்கள். துணைக்கு நானும் போனேன் என்று வையுங்கள்.

"உங்க பூட்டைத் தொறங்க, அண்ணி."

"மொதல்ல நீ தொற. உன்னை நம்பி நான் எதையும் தொறக்க மாட்டேன்."

"அங்க கெடக்கறது உங்க பொண்ணு."

"எனக்குத் தெரியும், நீ பாடம் எடுக்காத. மாசாமாசம் எண்ணிப் பாத்தவ நீதானே? உள்ள எத்தனை பெட்டி இருக்கு, சொல்லு பாப்போம்."

"ஒண்ணாந்தேதி நீங்க எண்ணலையா? நீங்களே சொல்லுங்களேன்."

சாவி இரண்டும் துருவில் சிக்கின. நான்தான் ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து விட்டேன். கதவு திறந்ததும் முகத்தில் அறைந்தது பூஞ்சை நாற்றம். கூரை ஒழுகி, பெட்டிகள் கூழாகி, பொட்டலங்கள் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தன.

நர்ஸ் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, கொதிச்சு ஆறின தண்ணி இருக்கா? ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலைதட்டி அளந்து போடுங்க. ஓடுங்க!"

என் வீட்டுச் சர்க்கரை டப்பா அன்றோடு காலி. அண்ணன் மகளை மடியில் கிடத்தி, நாத்தனார் கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். பெற்றவள் பாய் ஓரத்தில் நின்றபடி, "மூக்குல ஊத்திடாத" என்று மட்டும் சொன்னாள். நாலு மணிக்குக் குழந்தை கண்ணைத் திறந்து, "அத்தை, ஒண்ணுக்கு வருது" என்றது. "ஒண்ணுக்கு வந்துட்டா இனி பயமில்ல" என்று நர்ஸ் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குள் சுகாதார அதிகாரி வந்துவிட்டார். அறை வாசலில் இரண்டு பேரும் தலையோடு தலை ஒட்டி நின்றார்கள். மூன்று வருஷத்தில் முதல் ஒற்றுமை!

"மழையில நனைஞ்சிடுச்சுன்னு எழுதிடுவோம். போன செவ்வாய்க்கிழமை மழை."

"செவ்வாயா? புதன்."

"அன்னிக்கு என் துணியெல்லாம் நனைஞ்சுது. செவ்வாய்தான்."

"உங்க துணி நனைஞ்சா அது செவ்வாயா? மாடியில காயப்போட்டா நனையத்தான் செய்யும்!"

"மாடியப் பத்திப் பேசாத!"

தெருவே கூடிவிட்டது. அதிகாரி ஆணியிலிருந்து நோட்டை எடுத்து நிதானமாகப் புரட்டினார்.

"ஒண்ணாந்தேதி ஒரு கையெழுத்து, பதினஞ்சாந்தேதி ஒரு கையெழுத்து. மூணு வருஷமா ஒரே நாள்ல ரெண்டும் இல்ல. ஆளுக்கொரு சாவிய வச்சுக்கிட்டு எப்படிம்மா உள்ள போனீங்க?"

அண்ணி நாத்தனாரைக் காட்டினாள். நாத்தனார் அண்ணியைக் காட்டினாள்.

அதிகாரி இரண்டு சாவிக்கும் கையை நீட்டினார்.